பாஸ்கு காய்ச்சல்

எங்கள் தோட்டத்தில் வேதக்காரர்களுக்கென்று தனியாக ஒரு காய்ச்சல் இருந்தது. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளை ஒட்டி வருவதால் பாஸ்கு காய்ச்சல் என்று அதற்குப் பெயர். பெரிய வெள்ளிக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ வரும். முதலில் குளிரெடுக்கும், போர்வைமேல் போர்வை போட்டாலும் கட்டில் ஆடும். பிறகு அனல், பிறகு வேர்வை. ஒரு நாள் விட்டு மறுபடியும் அதே. லயத்து வரிசை வீடுகளில் யாராவது விசாரித்தால், பாஸ்கு காய்ச்சல் கண்டிருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்வோம். ஆண்டவர் பட்ட பாட்டில் நமக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார் என்று நினைப்பு. காய்ச்சல் வராதவர்கள் தபசு காலத்தை ஒழுங்காக அனுசரிக்கவில்லை என்று பேச்சு வேறு. நானும் அப்படிப் பேசியவள்தான். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

இது ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முந்திய கதை. மலாயாவில், தங்காக்குக்குப் போகும் பாதையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். காலையில் ரப்பர் பாலுக்காகப் பால்மரத்துப் பட்டையை வெட்டிக்கொண்டே நிமிர்ந்தால் லேடாங் மலை தெரியும். மழை நாளில் தெரியாது. இருபது வேதக்காரக் குடும்பங்கள் இருந்தோம். அத்தாப்புக் கூரை போட்டு நாங்களே எழுப்பிய ஒரு சின்னக் கோயில். மாதத்தில் ஒரு ஞாயிறு டவுனிலிருந்து சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது, எல்லாம் அவர் பொறுப்பு. அந்த உபதேசியாருக்குத்தான் என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். எங்களைப் போலவே அவரும் மரம் வெட்டுகிறவர்தான். ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரிது. அவர் பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்தால் அடுத்த லயத்தில் கோழி விரட்டுகிறவர்கள்கூட ஒரு கணம் நிற்பார்கள். ஆனால் ஒரு சட்டம் இருந்தால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு சட்டம் போட்டுக்கொள்வார். உபதேசியார் வீட்டுக் கோழிகூட ஒருசந்தி இருக்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேலி என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கோழிக்குத் தீனி போடுகிறவளுக்குத் தெரியும்.

சாம்பல் புதன் தொடங்கி பாஸ்கு வரைக்கும் நாங்கள் ஒருசந்தி இருப்போம். பகல் சாப்பாடு ஒன்றுதான். அதுவரைக்கும் பல்லில் தண்ணீர் படாது. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டது, அல்லது அப்படித்தான் நாங்கள் காதில் வாங்கிக்கொண்டோம். நன்மை என்கிற நற்கருணை வாங்கும் நாளில் பூசைக்கு முன் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது சாமியார் சொன்ன சட்டம். மாதம் ஒரு நாளைக்கு உண்டான அந்தச் சட்டத்தை நாங்கள் தபசு காலம் நாற்பது நாளுக்கும் நீட்டிக்கொண்டோம். பக்தி அதிகமானால் எதுவும் நீளும்.

இதில் மாட்டிக்கொண்டது மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா மருந்து. விடிவதற்குள் எல்லாரும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்போம். கங்காணி ஆள் கணக்கு எடுத்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் ஒரு வாளியும் ஒரு மங்கும் எடுத்துக்கொண்டு வருவார். வாளியில் கொயினாத் தண்ணீர். ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் மரத்துக்குப் போக வேண்டும். அதன் கசப்பைச் சொல்லி முடியாது. வேப்பங்கொழுந்து அதன் பக்கத்தில் பாயசம். பாதிப் பேர் வாயில் அடக்கிக்கொண்டு போய்ப் பால் கொட்டகைக்குப் பின்னால் துப்புவார்கள்.

தபசு காலம் வந்தால் வேதக்காரர்கள் நாங்கள் வரிசையை விட்டு ஒதுங்கி நிற்போம். டிரெஸர் தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் பங்கைச் சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பார், பகலில் சாப்பிட்ட பிறகாவது குடியுங்கள் என்று. ஒருசந்திச் சோறு உண்ட பிறகு வேறு எதுவும் வாயில் படக்கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஆகவே புட்டியெல்லாம் லயத்துக்குப் பின்னால் இருந்த வாழைமரத்தடியில் கவிழும். எங்கள் தோட்டத்தில் ஒரு நாளும் மலேரியா காணாத உயிர் அந்த வாழைமரம் ஒன்றுதான்.

சிரிப்பாக இருக்கிறது. ஆனால் நான் இரண்டு பிள்ளைகளை அந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள்.

முதல் பிள்ளை வயிற்றில் ஆறு மாதத்தில் போயிற்று. அடுத்தது ஏழு மாதத்தில். இரண்டும் பாஸ்குக் காலத்தில். இரண்டு தடவையும் குளிர்காய்ச்சல் நாலு நாள் என்னைப் போட்டு உலுக்கியது. ஐந்தாம் நாள் வயிறு காலி. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை மந்திரித்த கல்லறை நிலத்தில் வைக்க மாட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு பால்மரத்தடியில் வைத்தார்கள். வேலிக்கு உள்ளே கிடக்கிறவர்களுக்குக் கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி உண்டு, பூ உண்டு, பேர் சொல்லிச் செபம் உண்டு. என் பிள்ளைகளுக்குப் பேரே கிடையாது. ஏன் இப்படி என்று நான் கேட்டபோது இரண்டு தடவையும் என் வீட்டுக்காரர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"கொடுத்தவரே எடுத்துக்கிட்டார்."

சாவு வீடுகளில் அவர் எல்லாருக்கும் சொல்கிற வார்த்தை. மற்றவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவதாக உண்டானேன். கணக்குப் பார்த்தால் சாம்பல் புதனுக்கு ஐந்தாம் மாதம் ஆகிறது, பாஸ்குக்கு ஏழாகிவிடும். எனக்குத் தூக்கம் போயிற்று. இந்தப் பிள்ளையாவது உயிரோடு வந்து, தலையில் தண்ணீர் பட்டு, ஒரு பேர் வாங்க வேண்டும். மாதாவிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் டிரெஸர் யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சாம்பல் புதனுக்கு மறுநாள் கையில் புட்டியைக் கொடுக்கும்போது என் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் உங்கட சமயத்தில தலையிடுறேல்லை. ஆனா ஒண்டு சொல்லுறன். இது பாஸ்கு காய்ச்சல் இல்லை, நுளம்புக் காய்ச்சல். நீங்கள் நாப்பது நாள் மருந்தை விடுறியள், அது வருது. காய்ச்சல்தான் உன்ர பிள்ளையளைக் கொண்டு போனது. வேற ஒருத்தரும் இல்லை."

நுளம்பு என்றால் கொசு. வேற ஒருத்தரும் இல்லை என்று அவர் யாரைச் சொன்னார் என்று எனக்கு உடனே புரிந்தது. கோபம்கூட வந்தது. திருநீறு பூசினவர் எங்கள் ஆண்டவருக்கு வக்கீலாக வந்துவிட்டாரே என்று. ஆனால் பகல் சோற்றுக்குப் பிறகு வாழைமரத்தடிக்குப் போனபோது புட்டியைக் கவிழ்க்கக் கை வரவில்லை. சுற்றிலும் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டேன்.

அன்று தொடங்கி தினமும் குடித்தேன். குடித்தது திருட்டுத்தனமாக. அதற்குமேல் சாயங்காலச் செபத்தில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு உட்காரும்போது, நாக்கில் இன்னும் கசந்துகொண்டிருக்கும். ஒருசந்தியை முறித்த வாயால் செபமாலை சொல்கிறாளே என்று மாதா என்னையே பார்ப்பது போல இருக்கும். பிள்ளைக்காகப் பாவம் செய்கிறேனா, அந்தப் பாவமே பிள்ளையைத் தின்றுவிடுமா என்று எனக்குள் ஓயாத வழக்கு. அதற்குள் லயத்தில் இரண்டு வீடுகளில் போர்வை ஆட ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் கண் மஞ்சள் தட்டியிருந்தது. கேட்டால் வெயில் என்றார்.

தபசு காலத்து மூன்றாம் ஞாயிறு சாமியார் வந்தார். வெள்ளைக்காரர், நீளத் தாடி. புத்தகத்தில் தமிழ் படித்தவர். அதனால் தண்ணீர் வேண்டுமென்றாலும் பிரசங்கம் போலத்தான் கேட்பார். பூசைக்கு முன்னால் பிரம்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். நான் போய் முழந்தாளிட்டு, ஒருசந்தி நாளில் கொயினா குடித்தேன், பத்து நாளைக்கு மேல் குடித்தேன் என்று அழுதேன்.

அவருக்கு முதலில் புரியவேயில்லை. இரண்டு தடவை கேட்டார். புரிந்ததும் தட்டிக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று கேட்டது. அது பாவமே அல்ல என்றார். பாவமில்லாததற்குப் பாவமன்னிப்புக் கொடுக்கத் தன்னால் முடியாது என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது போல இருந்தது. ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? அப்படியானால் அதை வெளியில் எல்லாருக்கும் சொல்லுங்கள் சாமி என்றேன்.

"மகளே, இங்கே கேட்டதை நான் வெளியே சொல்லலாகாது. நீ வெளியே வந்து, யாவரும் கேட்க என்னிடம் கேள். அப்போது சொல்வேன்."

பூசை முழுவதும் எனக்கு அந்த வார்த்தைதான் ஓடியது. கோயிலில் பெண்பிள்ளைகள் வாயைத் திறப்பது செபத்துக்கும் பாட்டுக்கும்தான். அதிலும் நான் உபதேசியார் பெண்சாதி. நாற்பது நாளும் பல்லில் தண்ணீர் படாமல் இருக்க ஊருக்கே படிப்பித்தவர் அவர். அவர் சொன்னது சரியா என்று அவர் பெண்சாதியே சாமியாரிடம் சபையில் கேட்பதென்றால் அவர் முகத்தில் கரியைப் பூசுவதற்குச் சமம். கேட்காவிட்டால் என் பிள்ளைக்கு நான் திருட்டுத்தனமாக மருந்து குடித்துக்கொண்டிருக்கலாம். மற்ற வீடுகளில் போர்வை ஆடிக்கொண்டேயிருக்கும். எனக்கு அப்போது பக்கத்து வீட்டுக்காரி ஞாபகம் வந்தாள். அவளுக்கும் மூன்றாம் மாதம்.

பூசை முடிந்து எல்லாரும் வாசலில் சாமியாரிடம் தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. குரல் நடுங்கவில்லை. அது எனக்கு ஆண்டவர் கொடுத்த வரம்.

"தோத்திரம் சாமி. ஒருசந்தி அன்னைக்குக் காலையில கொயினா குடிச்சா ஒருசந்தி முறிஞ்சிடுமா?"

சாமியார் அந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்கிறவர் போலவே முகத்தை வைத்துக்கொண்டு தாடியைத் தடவினார். அந்த நடிப்புக்காகவே அவருக்கு மோட்சம் கிடைத்திருக்கும்.

முறியாது என்றார். நன்மை வாங்கும் நாளின் சட்டம் வேறு, தபசு காலத்து ஒருசந்தி வேறு. இதற்கு மருந்தும் தடையன்று, தண்ணீரும் தடையன்று என்றார். அதோடு விட்டிருக்கலாம். மரம் வெட்டிப் பிழைக்கிறவர்களுக்கும் வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கும் ஒருசந்திக் கடனே கிடையாது என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். ஆட்களுக்கு ரோசம் வந்துவிட்டது. எங்கள் ஒருசந்தியை எங்களிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறாரே என்று முணுமுணுப்பு. அப்படியென்றால் இத்தனை வருஷம் நாங்கள் இருந்ததெல்லாம் என்ன என்று ஒரு கங்காணி கேட்டே விட்டார். சாமியார் அங்கியின் பைக்குள் கையை விட்டு ஒரு புட்டியை எடுத்தார். அதே கொயினா. மூடியைத் திறந்து எங்கள் எல்லார் முன்னிலையிலும் குடித்தார். அந்தக் கசப்பில் தாடி தனியாக ஒரு ஆட்டம் ஆடியது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். தினமும் பூசை முடிந்ததும் இதைத்தான் முதலில் குடிப்பதாகவும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் பூசை வைக்க ஆளிருக்காது என்றும் சொன்னார்.

சாமியாரை வண்டியேற்றிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் வீட்டில் பலகையில் உட்கார்ந்தார். சோறு போட்டேன், கை வைக்கவில்லை.

"வீட்டுல என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

சண்டை போடக்கூடாது என்றுதான் இருந்தேன். இந்த வாய் கேட்டால்தானே.

"கேட்டேனே. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு ரெண்டு தடவை கேட்டேன். நீங்க ஆண்டவர் மேல பழியைப் போட்டுட்டு வந்துட்டீங்க."

சொன்ன பிறகு எனக்கே பயமாகிவிட்டது. அவர் எழுந்து வெளியே போனார். பின்வாசலில் இருந்து எட்டிப் பார்த்தேன். வாழைமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு ஆள் உயரத்துக்குமேல் தளதளவென்று வளர்ந்து குலை தள்ளியிருந்த அந்த மரத்தை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

மறுநாள் பிரட்டில் டிரெஸர் வாளியோடு வந்தார். வேதக்காரர்கள் பழக்கப்படி ஒதுங்கித்தான் நின்றார்கள். சாமியார் சொன்னது சரி, உபதேசியார் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று எல்லார் கண்ணும் அவர் மேல். நான் வரிசைக்குப் போகலாம் என்று காலை எடுத்து வைப்பதற்குள் அவர் எனக்கு முன்னால் போய் நின்றார். கையில் மங்கு வாங்கினார். சிலுவை போட்டுக்கொண்டு குடித்தார். எதை வாயில் போட்டாலும் முடிந்ததும் ஒரு மந்திரம் சொல்வது அவர் வழக்கம். அந்த வழக்கத்தில், வாயைத் துடைத்துக்கொண்டு, அருள் நிறைந்த மரியாயே மந்திரத்தை ஆரம்பம் முதல் ஆமென் வரைக்கும் அந்தப் பெரிய குரலில் சொன்னார். கசப்பில் முகம் கோணிக்கொண்டு போக, குரல் மட்டும் நேராக நின்றது.

அடுத்து நான். குடித்துவிட்டு நானும் மந்திரம் சொன்னேன். எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரி, அவளுக்குப் பின்னால் அந்தக் கங்காணி, அப்புறம் எல்லாரும்.

இதில் உள்ள சூட்சுமத்தை முதலில் பிடித்தவர் டிரெஸர்தான். வாயில் கொயினாவை அடக்கிக்கொண்டு ஒருவனாலும் மந்திரம் சொல்ல முடியாது. ஆமென் சொல்லிவிட்டால் மருந்து வயிற்றுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷம் திட்டியும் கெஞ்சியும் நடக்காதது மந்திரத்தில் நடந்துவிட்டது. அந்த வாரமே இந்து ஆட்களையும் விடவில்லை. குடித்ததும் "முருகா" என்று மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். விடிகாலையில் ஒரு பக்கம் மரியாயே, ஒரு பக்கம் முருகா. பங்களாவில் துரை எழுந்து, கூலிக்காரர்கள் ஏதோ கலகம் செய்கிறார்கள் என்று துப்பாக்கியைத் தேடினாராம். பால் கொட்டகைக்குப் பின்னால் பல வருஷமாகப் பட்டுக்கிடந்த இடத்தில் புல் முளைத்தது.

அந்த வருஷத்துப் பாஸ்கு வந்தது. அதற்கு முந்தின வருஷத்துப் பாஸ்குக்குத் தங்காக்கில் எடுத்த புதுச்சேலையை நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் விரித்துப் படுத்தேன். அந்தத் தடவை உயிர்த்த சுரூபம் வைத்த சப்பரத்தைத் தூக்க ஆளில்லாமல் இந்து லயத்திலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டார்கள். இந்த வருஷம் சப்பரத்துக்குத் தோள் கொடுக்க அடிதடி. முன்தண்டு எனக்கு, பின்தண்டு உனக்கு என்று ஆண்கள் கோயில் வாசலிலேயே மல்லுக்கு நின்றார்கள். என் வீட்டுக்காரர் பாட்டை எடுத்துக் கொடுத்தார். வழக்கமாக அவர் குரல் மட்டும்தான் கேட்கும். அன்று ஜனங்கள் பாடின பாட்டில் அவர் குரலே எனக்குக் கேட்கவில்லை. ஏழு மாத வயிற்றோடு, கையில் மெழுகுதிரியோடு, லயம் லயமாக நடந்தேன். ஒரு இடத்திலும் உட்காரவில்லை. டிரெஸர் ஆஸ்பத்திரி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே கட்டில்கள் காலி.

"எங்க உங்கட பாஸ்கு காய்ச்சல்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

அவர் சப்பரத்தைக் காட்டி, "அதுவும் உயிர்த்துப் போயிருச்சுங்க" என்றார். அவர் பகடி பேசி அதுவரைக்கும் நான் கேட்டதில்லை.

மாதம் தப்பாமல் பிறந்தது பிள்ளை. ஆண்பிள்ளை. கன்னங்கரேலென்று, கையில் அடங்காத கனம். மருத்துவச்சி ஒரு தட்டுத்தான் தட்டினாள். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பேனாவைக் கீழே வைத்தாராம், அப்படி ஒரு அழுகை. அப்பன் குரல்.

சாமியார் அடுத்த தடவை வர ஒரு மாதத்துக்குமேல் ஆகிவிட்டதால், ஞானஸ்நானத்துக்கு நானும் எழுந்து போக முடிந்தது. முதலில் கோயில் வாசலில் நிறுத்திப் பிள்ளையின் நாக்கில் மந்திரித்த உப்பு வைப்பார்கள். உப்புப் பட்டதும் எந்தப் பிள்ளையும் வீல் என்று கத்தும். இவன் கத்தவில்லை. சப்புக்கொட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்பது போல நாக்கை நீட்டினான். நாலு மாதம் வயிற்றுக்குள் கொயினா குடித்தவனுக்கு உப்பெல்லாம் கற்கண்டுதான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்ல, சாமியாருக்கே சிரிப்பு வந்து செபத்தை நிறுத்திவிட்டார். அவள் பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உள்ளே போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். பேர் வைத்தார்கள். அந்தப் பேரைச் சாமியார் உரக்கச் சொன்னபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். சந்தோஷத்தில்தான். இவனுக்கு முன்னால் வந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் பிள்ளையை வாங்கிக்கொண்டார். கல்லறைப் பக்கம் வந்ததும் நின்றார். வேலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். மரத்தடியில் இரண்டு மேடும் புல் மூடிக் கிடந்தன. பிள்ளையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அந்த இரண்டு மேட்டுக்கும் காட்டினார். அவர் வழக்கமாகச் சொல்கிற வார்த்தையைச் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கொடுத்தவரே..." என்று ஆரம்பித்தார்.

மிச்சத்தை விட்டுவிட்டுப் பிள்ளையை என்னிடம் நீட்டினார்.

"கொடுத்துட்டார்" என்றார்.

நான் ஆமென் என்றேன்.